பேய் இருக்கட்டும், அவள் தூங்கினாளா என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் சாயங்காலம் வந்து படியுங்கள். டீச்சர் பாடம் நடத்தினால் மணி அடித்த பிறகும் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்தவர்களில் எத்தனை பேர் நர்ஸ் ஆனார்கள் என்று போன வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தே நாற்பது பேருக்கு மேல். சிலர் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சிலர் மதுரை, சென்னை, கோயம்புத்தூர் தனியார் ஆஸ்பத்திரிகளில், சிலர் சவுதி, குவைத், அயர்லாந்தில். நம் சொந்தத்திலும் வீட்டுக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். அதனால் இது யாரோ ஒருவரின் கதை இல்லை. நம் வீட்டு விஷயம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு நர்ஸ், "ராத்திரி வார்டில் என்னமோ பார்த்தேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டே பதில்தான் உண்டு. ஒன்று சிரிப்பு, இன்னொன்று தாயத்து. "நீ கடைசியாக எப்போது ஒழுங்காகத் தூங்கினாய், சாப்பிட்டாய், உன் உடம்பு எப்படி இருக்கிறது" என்று கேட்கிற ஆளைக் காணோம். அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

இதை எழுதத் தூண்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் சொல்லப்போவதில்லை. யாரும் துப்பறிய வேண்டாம்.

ஐசியூவில் வேலை. பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி, தொடர்ந்து ஆறு நாள். ஆள் வராத நாளில் பகலிலும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் விடிகாலை மூன்றரை மணிக்குப் பக்கத்திலிருந்த சிஸ்டரிடம் சொல்லிவிட்டு டியூட்டி ரூமில் பத்து நிமிஷம் சாய்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. வாசலில் வெள்ளையாக ஓர் உருவம். அது பக்கத்தில் வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்தமாதிரி பாரம். கத்தப் பார்த்தால் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறைந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி இறந்திருந்தார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். வீட்டுக்காரர் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கு போன் செய்து, "டீச்சர், எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்று அழுதாள்.

பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. நம் ஊரில் இதற்குப் பெயரே இருக்கிறது, அமுக்குவான் பேய். ஜப்பானில் ‘கனாஷிபாரி’ என்பார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். உலகம் முழுக்க ஒரே அனுபவம், ஊருக்கு ஒரு பெயர். நடப்பது என்னவென்றால், நாம் கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைப் பூட்டி வைக்கிறது. கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே, அதற்காக. சில நேரம் விழிப்பு முதலில் வந்துவிடும், பூட்டு திறக்கச் சற்றுத் தாமதமாகும். அந்த இடைவெளியில் கண் அறையைப் பார்க்கும், கனவும் ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு அசையாது. இதைத் தூக்க முடக்கம் என்கிறார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குகிறவர்களுக்கும் இது அதிகம் வரும். நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கு வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

விடிகாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் நம் உடம்பின் வெப்பநிலை ஆகக் குறைவாக இருக்கும், தூக்கமும் ஆக அதிகமாக அழுத்தும். உடம்புக்குள் இருக்கும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் பேய்க் கதைகளில் பெரும்பாலானவை அந்த மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நடப்பதில் எனக்கு வியப்பில்லை.

"டீச்சர், அப்போ எல்லாத்தையும் தூக்கம்னு சொல்லி முடிச்சிடுவீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நர்ஸ்கள் சொல்லும் விளங்காத அனுபவங்களில் இன்னும் இரண்டு வகை உண்டு. மூன்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டக் கூடாது.

இரண்டாவது வகை, "எனக்கு மனசுக்கு என்னமோ சரியில்லைன்னு படுது" என்பது. மானிட்டரில் பி.பி. சரி, பல்ஸ் சரி. ஆனால் அனுபவப்பட்ட ஒரு சிஸ்டர் அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றி வருவாள். இரண்டு மணி நேரத்தில் நோயாளிக்கு மோசமாகும். "அவளுக்கு ஏதோ சக்தி இருக்கு" என்று வார்டில் பேசிக்கொள்வார்கள்.

அது அதிசய சக்தி இல்லை, கவனிப்பு. மூச்சு வாங்கும் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், தோலின் நிறம் மங்கியிருக்கும், நேற்றுப் பேசியவர் இன்று பேசமாட்டார். இருபது வருடம் பார்த்த கண் இதையெல்லாம் வாய்க்கு வருமுன் மனதுக்குச் சொல்லிவிடுகிறது. நான் வகுப்பறைக்குள் நுழைந்ததுமே எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று கண்டுபிடிப்பேனே, அதுமாதிரிதான். ஆஸ்திரேலியாவில் 1990களில் நோயாளிக்கு ஆபத்து என்றால் உடனே ஓடிவரும் அவசரக் குழுக்களை அமைத்தபோது, அந்தக் குழுவை அழைப்பதற்கான காரணங்களில் ஒன்றாக ‘நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது’ என்பதையே சேர்த்தார்கள். எண் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை, நர்ஸின் கவலை போதும். நெதர்லாந்தில் அந்தக் கவலைக்குப் பின்னால் இருக்கும் அறிகுறிகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடும் முறையே உருவாக்கியிருக்கிறார்கள்.

நோயாளி சொல்வதும் அப்படித்தான். "சிஸ்டர், நான் செத்துப்போயிடுவேன்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால், "அபசகுனமாப் பேசாதீங்கய்யா" என்று வாயடைக்கக் கூடாது. மாரடைப்பு, நுரையீரல் ரத்தக் குழாய் அடைப்பு, கடுமையான ஒவ்வாமை, பொருந்தாத ரத்தம் ஏற்றுவது, இவற்றில் எல்லாம் சாவு வரப்போகிறது என்ற திகில் ஓர் அறிகுறியாகவே மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளி அப்படிச் சொன்னால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், பிறகுதான் ஆறுதல். இதை அமானுஷ்யம் என்று ஒதுக்கினால் ஓர் உயிர் போகும்.

மூன்றாவது வகைக்கு என்னிடமும் பாடம் இல்லை. எங்கள் சின்னத்தை முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர். அவர் வார்டில் ஒரு பெரியவர், ஒருநாள் மாலை, "எங்க அம்மா வந்து நிக்கா, ஒரு நாற்காலி போடு தாயி" என்று கேட்டிருக்கிறார். அவருக்கே எண்பது வயது. அத்தை ஒரு ஸ்டூலை எடுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டார். பெரியவர் மறுநாள் விடியுமுன் போய்விட்டார். "நிஜமாவே வந்திருந்தாங்களா அத்தை?" என்று நாங்கள் கேட்போம். "அது எனக்கென்ன தெரியும்? ஸ்டூலு போட்டேன், அவரு பயப்படல. அவ்வளவுதான் தெரியும்" என்பார்.

இப்படி நடப்பது அத்தை வார்டில் மட்டும் இல்லை. கார்லிஸ் ஓசிஸ், எர்லண்டூர் ஹரால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுத் தொகுத்து 1977ல் புத்தகமே போட்டார்கள். அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் இறந்துபோன சொந்தக்காரர்களைப் பார்த்தார்கள். நம் நாட்டவர் தெய்வங்களையும் எமதூதர்களையும் அதிகம் பார்த்தார்கள். பல நாள் நினைவு தவறிக் கிடந்தவர்கள் சாவதற்குச் சற்று முன் தெளிவாகப் பேசி, பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். 2009ல் மைக்கேல் நாம் என்ற ஜெர்மன் உயிரியலாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்தாயிற்று, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. விளங்காததை விளங்காதது என்று சொல்வதும் அறிவியல்தான். உடனே அதை ஆவி என்று முடிவு கட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதும் தவறு, பார்த்தவளைப் பொய்க்காரி ஆக்குவதும் தவறு.

நவீன நர்ஸிங்கின் தாய் என்று நாம் கொண்டாடும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கே இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1837 பிப்ரவரியில், பதினாறு வயதில், கடவுள் தன்னை அழைத்ததாக அவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அது உண்மையில் என்ன என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நம் பாடப்புத்தகம் விளக்கேந்திய படத்தோடு நிறுத்திக்கொண்ட இன்னொரு செய்தியும் உண்டு. 1854ல் கிரிமியப் போருக்குப் போனவர் மறு வருடமே கடுமையான காய்ச்சலில் விழுந்தார். ஊர் திரும்பிய பிறகு பல வருடங்கள் பெரும்பாலும் படுக்கையிலும் அறைக்குள்ளுமே கழிந்தன. அங்கே பிடித்த புருசெல்லா கிருமியின் தொல்லை அது என்று பின்னாளில் மருத்துவர்கள் ஊகித்தார்கள். படுக்கையில் இருந்தபடியே, இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், நம் நாட்டுச் சுகாதாரத்துக்காக அறிக்கை மேல் அறிக்கை எழுதியவர் அவர். அவர் பிறந்த மே 12ல் கேக் வெட்டுகிறோம். நோயாளியைப் பார்க்கப் போய் நோயாளி ஆனவர் என்பதை யாரும் சொல்வதில்லை.

அதனால் இனி உடம்பைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவில் 1976ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நீண்ட வருடங்கள் மாறி மாறி நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இதய நோய், சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுதலாக இருப்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019ல் மறுபடி அலசி அதையே உறுதிசெய்தது. டென்மார்க் அரசு, பல வருடம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு இழப்பீடே கொடுத்தது. நைட் டியூட்டி பார்க்கும் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் வீடுகள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மாணவி கதைக்கு வருகிறேன். பேயைப் பற்றிப் பேசி முடித்தபின், "உடம்புக்கு வேற என்ன செய்யுதும்மா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, மார்பில் ஒரு கட்டி, ஐந்து மாதமாக இருக்கிறது என்றாள். "பத்துப் பேருக்கு நானே சொல்லியிருக்கேன் டீச்சர், உடனே போய்க் காட்டுங்கன்னு. எனக்குக் காட்ட லீவு இல்ல. பயமாவும் இருக்கு." மறுநாளே போகவைத்தேன். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. அத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றுகிறவள், தன் ரத்தத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆயிற்றாம். கயிறு கட்டியவர்களும் சிரித்தவர்களும் அந்த வெளிறிய முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் மட்டும் இல்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. நர்ஸ்கள் என்ன தனிப்பிறவியா? நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டுகொள்கிறது. நோயாளியைத் தூக்கித் திருப்பி இடுப்பு போகிறது. பாத்ரூம் போக நேரம் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் சிறுநீர்த் தொற்று வருகிறது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த லினி, 2018 மே மாதம் நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்டதில் அதே நோய் தொற்றி இறந்துபோனார். சின்னக் குழந்தைகள் இரண்டு பேரைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல் தனிமை வார்டிலிருந்து கணவருக்குக் கடிதம் எழுதி வைத்தார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாம் நர்ஸ்களைத் ‘தேவதைகள்’ என்கிறோம். 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கை தட்டினோம். அந்த நாட்களிலேயே, வாடகை வீட்டில் இருந்த நர்ஸ்களைக் காலி செய்யச் சொன்னவர்களும் நாம்தான். தேவதை என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், இடுப்பு வலிக்காது. நம் தமிழ்நாட்டில் 2015ல் தேர்வு எழுதி வேலைக்கு வந்த அரசு செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாக இருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரியவந்தது.

"சேவைத் தொழில், கணக்குப் பார்க்கலாமா?" என்று என் தம்பி முறை ஒருவர் போன திருமண வீட்டில் கேட்டார். கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும், நோயாளியின் நன்மைக்காகவே. பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். ஒரே நர்ஸ் முப்பது நாற்பது பேரைப் பார்க்கும் வார்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழுவினர் 2002ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஒருவருக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரச் சேர, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் தூங்கினால் நமக்கு நல்லது. நர்ஸுக்கு ஆள் துணை இருந்தால் நம் அப்பா அம்மாவுக்கு நல்லது. இதில் தியாகத்துக்கு வேலையே இல்லை.

இனி என் கோரிக்கைகள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: நைட் டியூட்டி முடித்து வந்தவளின் பகல் தூக்கம் சோம்பல் இல்லை, அதுதான் அவளுடைய ராத்திரி. காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "கேஸ்காரன் வந்திருக்கான், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்காங்க" என்று எழுப்பாதீர்கள். ஜன்னலுக்குக் கெட்டியான திரை போடுங்கள். அவள் போனைச் சத்தமில்லாமல் வைக்க விடுங்கள். பெண் பார்க்கப் போய், "நைட் டியூட்டி போவாளா?" என்று முகம் சுளித்துவிட்டு, சம்பளம் மட்டும் எவ்வளவு என்று கேட்கிற வழக்கத்தை நம் சொந்தத்திலாவது விட்டுவிடுவோம்.

நர்ஸாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடித்தீர்களா? போடாதவருக்கு, அந்தக் கிருமி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். ஹெச்ஐவிக்கு அது ஆயிரத்துக்கு மூன்று. ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், அப்போதுதான் அதிகம் குத்துகிறது. குத்திவிட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு, திட்டுவார்களோ என்று மறைக்காமல் உடனே சொல்லுங்கள். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வருடம் ஒருமுறை ரத்தம், சர்க்கரை, பி.பி. பாருங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், நோயாளியிடம் என்ன சொல்வீர்களோ அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். நைட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் வாருங்கள்.

ராத்திரி ஏதாவது பார்த்தாலோ கேட்டாலோ மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். நோயாளியைப் பற்றிய கலக்கம் என்றால் டாக்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உங்களைப் பற்றிய கலக்கம் என்றால், எத்தனை நைட் தொடர்ந்து பார்த்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நன்றாகத் தூங்கியும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது இறந்துபோன நோயாளி ஒருவரின் முகம் போகவே மாட்டேன் என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. வார்டில் எத்தனை சாவைப் பார்த்தாலும் அழ நேரம் கொடுக்காத வேலை அது.

கயிறு கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. மாமியார் பாசத்தில்தான் கட்டினார். கட்டுங்கள், ஆனால் கட்டியபின் அவளை எட்டு மணி நேரம் தூங்க விடுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிப்போங்கள்.

இன்று நைட் டியூட்டிக்குப் போகும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கடைசியாக எப்போது உடம்பைக் காட்டினீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள். பழைய நம்பர்தான். வருகைப் பதிவேடு எடுத்து எனக்குப் பழக்கம், ஒவ்வொருவராகக் கேட்பேன்.

உங்கள் விலங்கியல் டீச்சர்